பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: தேய்ந்த உறுப்புகளைக் கண்டுபிடித்து மாற்றும் முறை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் லூசாகிவிட்டது என்றால், அது பெரும்பாலும் ஒரே உறுப்பின் குறையாக இருப்பதில்லை. ஓட்டுநரின் கையிலிருந்து முன் சக்கரம் வரை நீளும் தொடரில் நான்கைந்து இணைப்புகள் தலைக்குக் கொஞ்சமாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து கைக்கு ஒரே ஆட்டமாகத் தெரிகின்றன. ஆகவே எந்த உறுப்பை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், எந்த இணைப்பில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். இந்தத் தேடலுக்குச் செலவிடும் நேரமே முழு வேலையிலும் முக்கியமான பகுதி என்று நான் கருதுகிறேன். ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேலம் வட்டாரத்து வண்டிகளுக்கு இந்தக் கவனம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போகும் வண்டிகளும், ஏற்காட்டிலிருந்து காபியும் மிளகும் இறக்கி வரும் வண்டிகளும், மலைமேல் இருக்கும் கடைகளுக்கு மளிகையும் சிமெண்டும் கொண்டு போகும் வண்டிகளும் முழுப் பாரத்துடன்தான் ஓடுகின்றன. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை வெகுதூரம் ஒடித்துத் திருப்பி, உடனே நேராக்க வேண்டியிருக்கிறது. ஏறும்போது எடை பின்பக்கம் சாய்வதால் முன் சக்கரங்கள் இலகுவாகி, ஆட்டம் அவ்வளவாக உறைக்காது. இறங்கும்போது எடை முன்னால் வந்துவிடும். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தேய்ந்த இணைப்புகள் இழுபட்டு, வண்டி ஒரு பக்கமாக நகரும். “மேலே போகும்போது நன்றாகத்தான் இருந்தது” என்ற ஓட்டுநரின் பேச்சை வைத்து ஸ்டீயரிங் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சட்டமும் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டீயரிங்கில் இருக்கும் வெற்று ஆட்டம் (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் திரும்பும் அளவு) 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும், இணைப்புகளில் உள்ள பால் ஜாயிண்டுகள் (கிண்ணத்துக்குள் பந்து போல அசையும் இணைப்புகள்) அனைத்துக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டோ பின்னோ போட்டுப் பிணைத்த இடங்கள் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது மட்டும் நினைவுக்கு வர வேண்டிய விதி அன்று இது. 30 டிகிரி என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி வந்தாலே கீழே படுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கையிலிருந்து சக்கரம் வரை

பழைய பிக்கப்புகளில் பெரும்பாலும் பாக்ஸ் வகை (பற்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும்) ஸ்டீயரிங்தான் இருக்கும். ஸ்டீயரிங் தண்டு ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் வழியாகவோ ரப்பர் கப்ளிங் வழியாகவோ பாக்ஸுக்குள் நுழைகிறது. பாக்ஸிலிருந்து வெளியே வரும் பல் வெட்டிய ஷாஃப்டில் டிராப் ஆர்ம் மாட்டப்பட்டிருக்கும். பிட்மேன் ஆர்ம் என்பதும் அதுவே. முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே கட்டையான ஆக்சிலும் உள்ள வண்டியில், டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் ஒன்று ஒரு பக்கச் சக்கரத்தின் ஆர்முக்குப் போகும். அங்கிருந்து டை ராடு மறு பக்கச் சக்கரத்தைச் சேர்த்துத் திருப்பும். இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புள்ள வண்டியில் நடுவே ஒரு சென்டர் லிங்க், அதன் மறுமுனையைத் தாங்க ஐட்லர் ஆர்ம், இரு பக்கமும் உள் முனையும் வெளி முனையுமாக டை ராடு எண்டுகள் இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கீழே குனிந்து ஒரு முறை பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்ற வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கை அதைப் பொறுத்தே அமையும்.

ஆட்டத்தைத் தேடிப் பிடிப்பது

முதல் சோதனைக்கு ஜாக்கி வேண்டாம். வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சக்கரம் திரும்பாத அளவுக்கு ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கட்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியானால், கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். மற்றவர் கீழே படுத்து, மேலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும் நிலையில்தான் இணைப்புகள் சாலையில் படும் பாட்டைப் படும். தூக்கி நிறுத்திய வண்டியில் ஒளிந்துகொள்ளும் ஆட்டம் இந்தச் சோதனையில் வெளியே வந்துவிடும்.

கையை வைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்னால் இருப்பது அசையும்போது பின்னால் இருப்பதும் அதே கணத்தில் அசைகிறதா? ஸ்டீயரிங் திரும்பியும் பாக்ஸுக்குள் நுழையும் தண்டு திரும்பாவிட்டால், தேய்மானம் யூனிவர்சல் ஜாயிண்டிலோ ரப்பர் கப்ளிங்கிலோ இருக்கிறது. தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாமல் நின்றால் பாக்ஸுக்குள் இருக்கிறது. டிராப் ஆர்ம் அசைந்தும் அதில் மாட்டிய லிங்க் தாமதமாக நகர்ந்தால் அந்தப் பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. இதே முறையில் கடைசி டை ராடு எண்டு வரை போக வேண்டும். ஜாயிண்டின் உடலையும் அது நுழையும் ஆர்மையும் ஒரே நேரத்தில் இரண்டு விரல்களால் தொட்டுக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு ஆட்டத்தையும் விரல் காட்டிக்கொடுக்கும். ஐட்லர் ஆர்மை மட்டும் கையால் மேலும் கீழுமாகத் தள்ளிப் பாருங்கள். அதன் புஷ் (உள்ளே இருக்கும் உறை) போய்விட்டால் சென்டர் லிங்க் ஒரு பக்கம் ஏறி இறங்கும். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தானாகத் திரும்பப் பார்ப்பதற்கு அது ஒரு காரணம்.

பாக்ஸையே சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் இந்த நேரத்தில் கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை அசைக்கும்போது பாக்ஸ் முழுவதும் சேஸிஸின் மேல் நகர்ந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டிருக்கலாம். பாரம் அடித்த பழைய வண்டிகளில் விரிசல் விடுவது அரிதான செய்தி அன்று. கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நன்றாகத் துலக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, சேஸிஸ் வேலை தெரிந்த வெல்டரிடம் முதலில் காட்ட வேண்டும்.

அடுத்தது ஜாக்கி வைத்துச் செய்யும் சோதனை. முன் சக்கரத்தைத் தூக்கி, அதன் உச்சியையும் அடியையும் இரு கைகளால் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங்கின் தளர்ச்சி. மிதித்தும் நீடித்தால், ஆக்சில் வண்டியில் கிங் பின்னும் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சுத் தண்டு) அதன் புஷ்ஷும், மற்ற வகையில் சஸ்பென்ஷன் பால் ஜாயிண்டுகளும் தேய்ந்திருக்கின்றன. சக்கரத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், தேட வேண்டிய இடம் டை ராடு எண்டுகள். கீழ் ஆர்மில் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ உள்ள வண்டியில் அந்தக் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தால்தான் ஜாயிண்டின் மேல் உள்ள அழுத்தம் நீங்கி உண்மை தெரியும்.

கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது, எந்தப் பக்கத்து எந்த முனை தேய்ந்தது என்பது மறந்துபோகும்.

பாக்ஸை இறுக்கச் சொல்லாதீர்கள்

பட்டறைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “அண்ணே, ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடுது, பாக்ஸை டைட் பண்ணி விடுங்க” என்று ஓட்டுநர் கேட்பார். பாக்ஸின் மேல் உள்ள அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டம் குறைந்தது போலத் தெரியும், செலவும் இல்லை. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். காரணம் பாக்ஸின் உள் அமைப்பிலேயே இருக்கிறது.

நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால், பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் நடுப்பகுதியில்தான் கூடுதலாகத் தேய்கின்றன. இரு ஓரங்களிலும் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கின்றன. நடுவில் உள்ள ஆட்டத்தை ஸ்க்ரூவால் முழுவதும் கொன்றுவிட்டால், தேயாத ஓரங்களில் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். சமவெளிச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த பிறகுதான் அது திரும்பி வர மறுக்கும். அப்போது வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலும், ஆட்டத்தின் பெரும்பகுதி டிராக் லிங்கிலோ டை ராடு எண்டிலோ இருக்கும்போது பாக்ஸை இறுக்கினால், நோய் ஓரிடத்தில் இருக்க மருந்து வேறிடத்தில் போட்டது போலாகும். தேய்ந்த ஜாயிண்ட் அப்படியே தேய்ந்துகொண்டே போகும். ஆகவே லிங்குகளை முதலில் சரிசெய்து முடித்த பிறகே பாக்ஸைத் தொட வேண்டும்.

உறுப்பு வாங்குவது

பழைய உறுப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது சிறந்தது. ஒரே பெயரில் விற்கும் வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு டேப்பரின் (ஜாயிண்ட் தண்டின் கூம்பு போன்ற பகுதி) அளவும் மரையின் பருமனும் மாறியிருக்கும். வண்டி நகர முடியாது என்பதால் முன்கூட்டியே வாங்க வேண்டுமானால், சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் கொடுத்து வாங்குங்கள். டை ராடின் ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையும் இருக்கும். அதனால்தான் நடுக் குழாயைத் திருப்பினால் நீளம் கூடுகிறது அல்லது குறைகிறது. இரண்டையும் ஒரே மரையில் வாங்கி வந்துவிட்டால் வேலை அன்றைக்கு முடியாது.

ஸ்டீயரிங் உறுப்புகளில் விலை பார்த்து வாங்கக் கூடாது. வண்டி நிறுவனத்தின் உறுப்போ, ரானே போல ஸ்டீயரிங் இணைப்புகளையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்தின் உறுப்போ வாங்குங்கள். புதிய ஜாயிண்டின் தண்டை விரலால் அசைத்தால் அது கனமாக, சீராக அசைய வேண்டும். தானாகத் தொங்கி விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் மூடி மென்மையாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) உள்ள வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். கருப்பூர் பக்கத்து மேக்னசைட் சுரங்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் ஜாயிண்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். ரப்பர் மூடி கிழிந்த ஒரு ஜாயிண்டில், கிரீஸும் வெள்ளைத் தூளும் கலந்து சாம்பல் நிறக் களிம்பாகிக் கிடக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், உருண்டையாக இருக்க வேண்டிய பந்தின் ஒரு பக்கம் தட்டையாகி, விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்கள் வரிசையாக ஓடியிருக்கும். மறு பக்கம் கண்ணாடி போலப் புதிதாகவே இருக்கும்.

டை ராடின் ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு முனைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே நாளில் மாட்டி ஒரே தூரம் ஓடியவை அவை. மறு முனையும் வெகுநாள் தாங்காது, வீல் அலைன்மெண்ட் செலவும் இரட்டிப்பாகும்.

கழற்றுவது

வேலை செய்யும் இடம் சமதரையாக, கெட்டியான தரையாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் வீட்டு வாசலே சரிவாக இருக்கும் இடங்களில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. வண்டியைச் சமமான இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கியதும், சேஸிஸுக்கோ ஆக்சிலுக்கோ அடியில் இரண்டு ஸ்டாண்டுகள் வைத்து அவற்றின் மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் போகலாம். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. மலையிறங்கி வந்த உடனே சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் டிஸ்க்கும் கையைச் சுட்டுவிடும், ஆற விடுங்கள்.

கழற்றுவதற்கு முந்தின நாள் இரவே எல்லா நட்டுகளிலும் மரைகளிலும் துருவை இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டால் மறுநாள் பாதிப் பாடு மிச்சம். அடுத்தது அளவெடுப்பது. டை ராடின் இரு ஜாயிண்டுகளின் கிரீஸ் நிப்பிள்களுக்கு இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். நிப்பிள் இல்லாவிட்டால் தண்டுகளின் நடுவிலிருந்து நடு வரை அளக்கலாம். முனையைக் குழாயிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். புதிய முனை அதே சுற்றுக்கு அதே நீளம் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டறையிலிருந்து அலைன்மெண்ட் மையம் வரை வண்டியைப் பத்திரமாக ஓட்டிப்போக இந்த இரண்டு குறிப்புகளும் போதும்.

ஸ்பிளிட் பின்னை (நட்டு கழலாமல் பூட்டும் இரு கால் பின்) நிமிர்த்தி இழுத்து எறிந்துவிடுங்கள், அதை மறுபடி பயன்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை. பள்ளம் வெட்டிய நட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் நிற்க விடுங்கள். டேப்பர் திடீரென விடுபடும்போது லிங்க் உங்கள் மேல் விழாமல் அது தாங்கும். தண்டின் முனையில் சுத்தியலால் அடித்தால் மரை விரிந்து கெட்டுப்போகும், டேப்பரும் விடாது. சரியான முறை வேறு: தண்டு நுழைந்திருக்கும் ஆர்மின் கண் பகுதியின் ஒரு பக்கம் கனமான சம்மட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி, இரண்டு அடி கொடுங்கள். அந்தக் கண் ஒரு கணம் நெளிந்து மீளும்போது டேப்பர் ‘டக்’ என்று விட்டுவிடும். பழக்கமில்லாதவர்கள் ஸ்க்ரூ வகைப் புல்லரைப் பயன்படுத்தலாம். கவை போன்ற ஆப்பை உள்ளே அடித்துப் பிரிப்பதும் உண்டு. அது ரப்பர் மூடியைக் கிழித்துவிடும் என்பதால், தூக்கி எறியப் போகும் ஜாயிண்டுக்கு மட்டுமே அது ஏற்றது.

டிராப் ஆர்மை மாற்ற வேண்டியிருந்தால் அடிக்கும் முறை அறவே கூடாது. அங்கே கொடுக்கும் ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாகப் பாக்ஸுக்குள் உள்ள பேரிங்குகளில் போய் விழும். அதற்கென்று இருக்கும் கனமான புல்லரை வாடகைக்கு எடுத்தாவது கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் ஆர்மின் மீதும் ஷாஃப்டின் மீதும் நேர்க்கோட்டில் ஓர் அடையாளம் கீறிவிட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறு பக்கம் குறைவாகவும் ஒடியும்.

கிங் பின் தேய்ந்திருந்தால் அந்த வேலையை லேத் பட்டறையிடம் விட்டுவிடுவதே நல்லது. புதிய புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றி, பின்னின் அளவுக்கு ரீமர் போட்டு, மேல் கீழ் புஷ்கள் ஒரே கோட்டில் நிற்கும்படி செய்ய வேண்டும்.

மாட்டுவது

புதிய ஜாயிண்டை மாட்டும் முன் ஆர்மில் உள்ள டேப்பர் ஓட்டையைத் துணியால் துடைத்து, துரு இருந்தால் எமரித் தாளால் இலேசாகத் தேய்த்து, பளிச்சென்று ஆக்குங்கள். இங்கே கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது. டேப்பர் பிடித்து நிற்பது இரும்போடு இரும்பு உலர்ந்து இறுகுவதால்தான். பழைய தண்டையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். டேப்பர் முழுவதும் ஒரே மங்கிய நிறமாக இருந்தால் அது சரியாக அமர்ந்திருந்தது என்று பொருள். ஒரு பாதி பளபளப்பாகவும் மறு பாதி செந்துருவாகவும் இருந்தால், அது ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது; ஓட்டையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட ஆர்மில் எத்தனை புதிய ஜாயிண்ட் போட்டாலும் நிற்காது, ஆர்மையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நட்டை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இறுக்கிய பின் ஸ்பிளிட் பின் ஓட்டை நட்டின் பள்ளத்தோடு பொருந்தாவிட்டால், அடுத்த பள்ளம் வரும் வரை இன்னும் சிறிது இறுக்க வேண்டும். பொருத்துவதற்காகப் பின்னோக்கித் தளர்த்துவது மிகவும் ஆபத்தானது. பார்வைக்குப் பின் போட்டிருக்கும், டேப்பரோ உள்ளே தளர்ந்திருக்கும். ஓட்டையின் அளவுக்குச் சரியான பருமனுள்ள புதிய பின்னைப் போட்டு, அதன் இரு கால்களையும் விரித்து நட்டோடு ஒட்ட மடக்குங்கள். ஆணியோ கட்டுக்கம்பியோ அதன் வேலையைச் செய்யாது.

டை ராடு குழாயில் முனைகளை ஏற்றும்போது மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றுவது எளிது. இரு முனைகளும் ஏறத்தாழச் சம அளவு உள்ளே போயிருக்க வேண்டும். லாக் நட்டையோ கிளாம்பையோ இறுக்கும்போது ஜாயிண்டுகள் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றால், சக்கரம் முழுவதும் ஒடியும்போது தண்டு ஓரத்தில் இடித்து ஒடிந்துபோகக்கூடும். இறுதியாக நிப்பிள் வழியே கிரீஸ் அடித்து, ரப்பர் மூடி சற்று உப்பியதும் நிறுத்துங்கள்.

பாக்ஸும் நடுநிலையும்

இப்போது பாக்ஸைப் பார்க்கலாம். டிராப் ஆர்மிலிருந்து லிங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிச் சுற்றுகளை எண்ணி, அதில் பாதியில் நிறுத்துங்கள். அதுதான் பாக்ஸின் நடு. லிங்க் இல்லாத நிலையில் கோடியில் வேகமாக மோதவிட்டால் உள்ளே குண்டுகள் ஓடும் பாதை சேதமாகும் என்பதால் நிதானம் தேவை. நடுவில் நிற்கும்போது லாக் நட்டைத் தளர்த்தி, கைக்கு இலேசான பிடிப்புத் தெரியும் வரை மட்டும் ஸ்க்ரூவைத் திருப்பி, மறுபடி பூட்டுங்கள். பிறகு கோடியிலிருந்து கோடி வரை திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலாவது கனத்தால் அரைக்கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, நடுவில் மிஞ்சும் சிறு ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மிச்சமும் அதிகமாக இருந்தால் பாக்ஸைப் பிரித்து உறுப்பு மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆயில் மட்டத்தையும் பார்த்து, குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன ஆயிலை நிரப்புங்கள். டிராப் ஆர்ம் பக்கத்து சீலில் கசிவு இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

லிங்கைத் திரும்ப மாட்டும்போது பாக்ஸ் நடுவிலும் சக்கரங்கள் நேராகவும் இருக்கும்படி டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்று அதைத் தண்டிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டிவிடுவது பரவலாக நடக்கிறது. பார்வைக்கு நேராகிவிடும், பாக்ஸோ நடுவை விட்டு விலகியே நிற்கும், இடது வளைவும் வலது வளைவும் சமமாக ஒடியா.

அலைன்மெண்ட்டும் ஓட்டிப் பார்ப்பதும்

டை ராடைத் தொட்ட எந்த வண்டியும் அலைன்மெண்ட் பார்க்காமல் பாரம் ஏற்றக் கூடாது. போகும் வழிக்கு மட்டும் டோ இன் அளவை (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) ஓரளவு சரிசெய்துகொள்ளலாம்: வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்சம் முன்னால் உருட்டி நிறுத்தி, இரு முன் டயர்களின் நடுக்கோட்டுக்கு இடையே உள்ள தூரத்தை அச்சின் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். முன்பக்க அளவு கையேட்டில் சொன்ன சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். டயர் கட்டைகளின் மேல் உள்ளிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் தடவும்போது பல் பல்லாகக் கையில் உறுத்தினால், டோ இன் அதிகமாகவே ஓடியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது உறுத்தினால் டயர்கள் வெளிப்பக்கம் விரிந்து ஓடியிருக்கின்றன.

முதல் ஓட்டம் வெற்று வண்டியுடன், காலையில் போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில் இருக்கட்டும். திருப்பிவிட்டு இலேசாகக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். பிரேக் மிதிக்கும்போது பக்கம் இழுக்கிறதா, மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ ஒலி வருகிறதா, ஏதாவது ஒரு வேகத்தில் நடுக்கம் எடுக்கிறதா என்று கவனியுங்கள். இவை சரியாக இருந்தால் அடிவாரம் தாண்டி முதல் சில வளைவுகள் வரை ஏறி, திரும்பி இறங்கிப் பாருங்கள். இறங்கி வந்ததும் வண்டியை நிறுத்தி, மாற்றிய ஒவ்வொரு நட்டையும் பின்னையும் கண்ணால் பார்த்து, லாக் நட்டுகளை ஸ்பேனரால் தொட்டுப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இதே பரிசோதனையை மறுபடி ஒரு முறை செய்யுங்கள்.

அதன் பிறகு வேலை சிறியதுதான். ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் நிப்பிள்களைத் துணியால் துடைத்துவிட்டுக் கிரீஸ் அடியுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய பாதையில் ஓடியிருந்தால் சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம். கிங் பின்னுக்கு மட்டும் சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்தால்தான் பாரம் தாங்கும் பேரிங் வரை கிரீஸ் போய்ச் சேரும். ஓட்டுபவரிடம், வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முறுக்காமல், சக்கரம் கொஞ்சமாவது உருளும்போது திருப்பும்படி சொல்லுங்கள். பாரம் ஏற்றிய வண்டியில் ஜாயிண்டுகளை விரைவில் தேய்ப்பது அந்தப் பழக்கம்தான்.